ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்குபவர்களுக்கு: பிராசஸரை உள்ளே எடுத்துப்போக விடாதீர்கள்

புதிதாக வாங்கிய மதர்போர்டோ பிராசஸரோ வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறீர்களா? "உள்ள டெக்னீஷியன் பாத்துட்டு வருவார் சார், உக்காருங்க" என்பார்கள். உட்காராதீர்கள். கூடவே போங்கள். விடவில்லை என்றால் பொருளைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எனக்கு நடந்ததால் சொல்கிறேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

மச்சான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறான். பழைய கம்ப்யூட்டர் போட்டோஷாப்பில் நான்கு ஃபைல் திறந்தாலே மூச்சு வாங்கியது. அவனுக்காக ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட் என்று பட்டியல் போட்டு ஒரே கடையில் வாங்கினோம். கிராபிக்ஸ் கார்டு மட்டும் அவனிடம் இருந்த ஜிடிஎக்ஸ் 1650. அசெம்பிள் செய்வது எனக்குப் பழக்கம்தான், அதனால் அந்த வேலையைக் கடையில் கொடுக்கவில்லை.

வாங்கும்போதே கேட்ட கேள்வி ஒன்று உண்டு. போர்டில் இருக்கும் பி450 சிப்செட் 2018இல் வந்தது. 5600 பிராசஸர் 2022 ஏப்ரலில்தான் வந்தது. போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் அதிலுள்ள பயாஸுக்கு (ஆன் செய்ததும் கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்) இந்தப் பிராசஸரை அடையாளமே தெரியாது. "பயாஸ் அப்டேட் ஆன போர்டுதானே?" என்று கேட்டேன். "எல்லாம் லேட்டஸ்ட் சார், போன வாரம்தான் லோடு வந்துச்சு" என்றார் கல்லாவில் இருந்தவர். லோடு போன வாரம் வந்திருக்கலாம். அதற்குள் இருந்த போர்டு எந்தக் காலத்தில் தயாரானது என்பது வேறு விஷயம்.

அடுத்தது பில். "பில் வேணும்னா 18 பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும்" என்று சொல்லி, மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்த தாளில் கிறுக்கிக் கொடுக்கப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் இது புதிதில்லை. ஆனால் எஸ்டிமேட் தாளை வைத்துக்கொண்டு நாளைக்கு எங்கேயும் போய் நிற்க முடியாது. பேரம் பேசி, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று ஜிஎஸ்டி பில்லே வாங்கினேன். போர்டு, பிராசஸர் இரண்டின் சீரியல் எண்ணையும் அதில் எழுதச் சொன்னேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் தட்டினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக் கடை என்றால் எண் 33 என்று தொடங்கும். கடையை விட்டு இறங்குவதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் பெட்டிகளைப் பிரிக்கும்போது மச்சான் போனில் வீடியோ எடுத்தான். இன்ஸ்டாகிராமில் போடத்தான் எடுத்தான், வழக்குக்கு ஆகும் என்று யார் கண்டது. 5600 போல ஏஎம்4 என்ற சாக்கெட்டில் உட்காரும் பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கும், மொத்தம் 1331. தங்க நிறத்தில், தலைமுடி கனத்தில். அதைக் காட்டச் சொல்லி அவன் கேட்டான், நானும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஒரு பின்கூட வளையவில்லை.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. இப்படி ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை எல்லாம் பார்த்தேன். மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாகப் போகும் 8 பின் பவர் கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். அதை மாட்டாவிட்டாலும் ஃபேன் சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருந்தது. 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினால் எதுவும் தெரியாது. ராமில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும், பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தேன். பிறகு இரண்டையும் மாற்றிப் பார்த்தேன். பயாஸ் அமைப்புகள் பழையபடி ஆகட்டும் என்று போர்டில் இருக்கும் சிமோஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கடைசியாகப் போர்டை கேபினெட்டில் இருந்து வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு ஆன் செய்தேன். கேபினெட்டில் எங்காவது ஷார்ட் ஆகிறதா என்று தெரிந்துகொள்ள இது எளிய வழி. அப்போதும் அதே கதை.

கடைக்குப் போன் போட்டால், "ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க சார்" என்றார்கள். அன்று காலையில் கவரைக் கிழித்த புத்தம்புது ராம்! தமிழ்நாட்டில் கம்ப்யூட்டருக்கு என்ன நோய் வந்தாலும் முதல் மருந்து நடராஜ் ரப்பர்தான் போலிருக்கிறது.

விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது போர்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்குகள். சிபியூ (பிராசஸர்), ராம், விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு இருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எங்கே கோளாறோ அது அணையாமல் நிற்கும். எங்களுக்கு சிபியூ விளக்கு சிவப்பாக நின்றது. பயாஸ் சிப்பின் மேல் ஒட்டியிருந்த பொடி ஸ்டிக்கரில் பதிப்பு எண் இருந்தது. போர்டு கம்பெனியின் தளத்தில், எந்தப் பிராசஸருக்கு எந்தப் பயாஸ் முதல் சரிப்படும் என்று பட்டியலே உண்டு. 5600க்கு நேராக இருந்த எண்ணுக்கும் என் போர்டில் இருந்ததற்கும் நடுவே பல பதிப்புகள். நான் எதைக் கேட்டு வாங்கினேனோ அதுதான் கோளாறு.

சில போர்டுகளில் பிராசஸரே இல்லாமல் பென் டிரைவில் இருந்து பயாஸ் ஏற்றப் பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். விலை குறைந்த பி450 போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது, இதிலும் இல்லை. பழைய ரைசன் ஒன்றை மாட்டித்தான் ஏற்ற வேண்டும். கடையில் அது கட்டாயம் இருக்கும், பத்து நிமிட வேலை. அதனால் பிராசஸரையும் அதன் மேல் சூட்டைத் தணிக்க மாட்டியிருந்த கூலரையும் கழற்றாமல், போர்டோடு அப்படியே கடைக்கு எடுத்துப்போனேன்.

போர்டை வாங்கியவர் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருந்த பையனிடம் கொடுத்தார். நான் கூடவே எழுந்தேன். "கஸ்டமர் உள்ள வரக்கூடாது சார்" என்று தடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் பிரித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். ஏஎம்4 சாக்கெட்டில் பிராசஸரை அழுத்திப் பிடிக்க மேலே சட்டம் எதுவும் கிடையாது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் ஹீட்சிங்க் பேஸ்ட் இறுகி ஒட்டியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசஸர் அதோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகுதான் தூக்க வேண்டும். முடிந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுவது இன்னும் நல்லது.

வெளியே வந்தவர் கையில் பிராசஸர். "பின் வளைஞ்சிருக்கு பாருங்க. ஃபிசிக்கல் டேமேஜ். கம்பெனி எடுக்காது, வாரண்டி போச்சு. நீங்க மாட்டும்போது அழுத்திட்டீங்க."

வாங்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் இரண்டு வரிசைப் பின்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தப் பின்களுக்கு நடுவே சாம்பல் நிற பேஸ்ட் அப்பியிருந்தது. பேஸ்ட் பிராசஸரின் மேல்பக்கம் தடவியிருப்பது. அது அடியில் வந்ததென்றால், பிய்ந்து வந்ததைக் கூலரில் இருந்து பேஸ்ட் ஒட்டிய விரலாலேயே நெம்பி எடுத்திருக்கிறான் பையன். நான் ஒன்றுதான் கேட்டேன்: "அண்ணே, வளைஞ்ச பின்னோட இது சாக்கெட்டுக்குள்ள எப்படி உக்காந்துச்சு? கூலரோட மாட்டின மாதிரியே தானே உங்க கையில கொடுத்தேன்?" அந்தச் சாக்கெட்டின் ஓட்டைகளில் பின் நேராக இருந்தால்தான் இறங்கும், ஒன்று சாய்ந்திருந்தாலும் பிராசஸர் தூக்கிக்கொண்டு நிற்கும். அவரிடம் பதில் இல்லை. வீடியோவைக் காட்டியதும் பேச்சு மாறியது. "சரி சார், ரெகுலர் கஸ்டமர் ஆயிடுவீங்க, பாதி விலைக்கு வேற பிராசஸர் தர்றோம்." அவர்கள் உடைத்ததற்கு நான் பாதி கொடுக்க வேண்டுமாம்.

"மாமா, விட்டுட்டு வாங்க, கல்யாண சீசன் ஆரம்பிச்சுடுச்சு" என்று மச்சான் போனில் அவசரப்படுத்தினான். கடைக்காரர்கள் நம்பியிருப்பதே இந்த அவசரத்தைத்தான். போர்டையும் பிராசஸரையும் அங்கேயே போட்டோ எடுத்து, கடையின் சிசிடிவி பதிவை அழிக்கக்கூடாது என்று அவர்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கே செய்தி அனுப்பிவிட்டு வந்தேன்.

வேலை நிற்கக்கூடாதே. எங்கள் ஊரில் மொபைல் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவர் மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறார். பின்களை ஒவ்வொன்றாக மெல்லிய ட்வீசரால் நிமிர்த்திக் கொடுத்தார். ஒன்று முறிந்திருந்தாலும் கதை முடிந்திருக்கும், முறியவில்லை. ரிச்சி தெருவிலேயே இன்னொரு கடைக்காரர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கவுண்டரின் மேலேயே என் கண்ணெதிரே பழைய ரைசன் ஒன்றை மாட்டி, பென் டிரைவில் இருந்து பயாஸ் ஏற்றி, 5600ஐத் திரும்ப வைத்து டிஸ்ப்ளே காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நீங்களும் பாகங்கள் வாங்கும்போது இதைக் கேளுங்கள்: போர்டை அதன் பெட்டி மேல் வைத்து, பிராசஸர், ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் கொடுத்து, பயாஸ் திரையைக் கண்ணால் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கடையில் இருக்கும் ஏதாவது ஒரு கார்டு போதும். "அதுக்கெல்லாம் டைம் இல்ல" என்றால் அடுத்த கடை பத்தடி தள்ளித்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஓடுகிறது, அப்புறம் ஏன் புகார் என்று கேட்பீர்கள். பெட்டியோடு வாங்கும் ரைசனுக்கு ஏஎம்டி மூன்று வருட வாரண்டி தருகிறது. பின் வளைந்ததை அதில் ஏற்கமாட்டார்கள். நாளைக்கு வேறு கோளாறு வந்தாலும் நிமிர்த்திய பின்னைக் காட்டிக் கைவிரிப்பார்கள். நான் முழு விலை கொடுத்தது அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்துத்தான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம், புகார் எண் கொடுப்பார்கள். அது வழக்குக்கு முந்தைய சமரச முயற்சிதான், கடைக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அதுவரை போனை எடுக்காத கடைக்காரர் அதன்பிறகு தானாகவே கூப்பிட்டார். "எதுக்கு சார் கம்ப்ளைன்ட் எல்லாம், ரெண்டாயிரம் தர்றேன், வாபஸ் வாங்குங்க." மாற்றுப் பிராசஸர் தாருங்கள், இல்லையென்றால் பின் உங்கள் கடையில் வளைந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படித்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஜிஎஸ்டி பில், மச்சானின் வீடியோ, வளைந்த பின்களின் போட்டோ, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும், கடை என்ன பதில் சொன்னது என்பதை இதே பதிவில் சேர்க்கிறேன். இதே மாதிரி பின் வளைத்துக் கொடுக்கப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் பில் போட்டோவோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.