ஏசி கூல் ஆகலன்னா உடனே கேஸ் நிரப்பிடாதீங்க – என்னோட ஏழு வருஷ அனுபவம்

திருவான்மியூர்ல கடைசி மாடி வீடு, மேல மொட்டை மாடி, பெட்ரூம் சுவர் மேற்கு பாத்தது. 2018 மே மாசம் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்குனோம், ஆர்32-ங்கிற கூலிங் கேஸ் உள்ள மாடல். முதல் ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்ல, 24-ல வச்சா பத்து பதினஞ்சு நிமிஷத்துல ரூம் ஜில்லுன்னு ஆயிடும்.

2020-ல முதல் தடவை கூலிங் கம்மியாச்சு. இண்டோர் முன்பக்க மூடியத் திறந்து பாத்தா ஃபில்டர் முழுக்க போர்வை மாதிரி தூசி. கழட்டி குழாத்தண்ணில கழுவி, நிழல்ல காய வச்சுப் போட்டதும் சரியாயிடுச்சு. அதுலேர்ந்து சீசன்ல ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ நானே கழுவிடுறேன். 2021-ல மறுபடியும் அதே பிரச்சனை, ஆனா இந்தத் தடவ ஃபில்டர் சுத்தமா இருந்துச்சு. அவுட்டோர் யூனிட்டோட பின்பக்கம் போய்ப் பாத்தேன், அந்த மெல்லிசு தகட்டு இடுக்கெல்லாம் தூசியும் கடல் காத்து உப்பும் சேர்ந்து அடைச்சிருந்துச்சு. ரூம்ல இருக்க சூட்ட வெளிய தள்ளுறதே அந்த யூனிட்தான், அது மூச்சு விட முடியலன்னா உள்ள எப்படி குளிரும்? வாட்டர் சர்வீஸ் பண்ணதும் பழையபடி ஆச்சு. கடற்கரைப் பக்கம் இருக்கவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அவுட்டோரக் கழுவச் சொல்லுங்க, இண்டோர மட்டும் துடைச்சிட்டு போறதுக்கு சர்வீஸ்னு பேர் இல்ல.

நான் உண்மையிலேயே ஏமாந்தது அதுக்கப்புறம்தான். 2023 ஏப்ரல்ல கூலிங் சுத்தமா போச்சு. வந்த மெக்கானிக் பிரஷர் அளக்குற கேஜ மாட்டிப் பாத்துட்டு "கேஸ் கம்மியாயிடுச்சு சார், ஏசின்னா அப்படித்தான், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவ போடணும்"னாரு, நானும் நம்பி 3,000 ரூபா குடுத்தேன். சரியா ஒரு வருஷம். 2024-ல வேற ஒருத்தர் வந்து அதே வசனம், அதே கேஸ், 3,200 ரூபா. ரெண்டு பேருமே எங்க லீக்னு தேடவே இல்ல. கேஸ அழுத்திச் சுத்த விடுற கம்ப்ரஸருக்கு பத்து வருஷ வாரண்டி இருந்துச்சு, ஆனா கேஸுக்கும் பைப்புக்கும் கிடையாது, அதனால எல்லாமே கைக்காசு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீந்து போற சரக்கு கிடையாது. மூடுன பைப்புக்குள்ள அதே கேஸ்தான் வருஷக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னுதான் அர்த்தம், அந்த ஓட்டைய அடைக்காம கேஸ் போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்.

2025 ஏப்ரல்ல, கேஸ் கதை ஆரம்பிச்சதுலேர்ந்து மூணாவது தடவ படுத்துச்சு. இந்தத் தடவ யாரையும் கூப்புடுறதுக்கு முன்னாடி நானே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, செட்டிங்க 16-ல வச்சு ஃபேன ஃபுல் ஸ்பீடுல விட்டு இருபது நிமிஷம் கழிச்சு அளந்தேன். இண்டோர் மேல்பக்கம் உள்ள போற காத்து 31, கீழ வர்ற காத்து 26. ஒழுங்கா இருக்க ஏசில இந்த வித்தியாசம் ஒரு 10, 12 டிகிரியாவது இருக்கணும், எனக்கு வெறும் 5. அவுட்டோர்கிட்ட போனா ரெண்டு காப்பர் பைப்புல ஒல்லியா இருக்க பைப்போட வால்வுல வெள்ளையா ஐஸ் கட்டியிருந்துச்சு. ஃபில்டர், அவுட்டோர் ரெண்டும் சுத்தமா இருந்தும் அங்க ஐஸ் புடிச்சா பெரும்பாலும் கேஸ் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கரண்ட் பில்லு ஏன் அவ்ளோ ஏறுச்சுன்னும் அப்பதான் புரிஞ்சுது, செட் பண்ண அளவுக்கு ரூம் குளிரவே இல்லன்னா இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வேகத்தக் குறைக்கவே குறைக்காது, ராத்திரி முழுக்க முழு வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும்.

தெரிஞ்சவர் மூலமா ஒரு மெக்கானிக் தம்பி வந்தாரு. நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே "அண்ணே, முதல்ல லீக்கப் பாத்துடுவோம், கேஸ் அப்புறம்"னாரு. இண்டோருக்குப் பின்னாடி பைப் ஜாயிண்ட்ல சுத்தியிருந்த டேப்ப மெதுவாப் பிரிச்சாரு, உள்பக்கம் எண்ணெய் பிசுக்கு. கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் சுத்துறதால லீக் இருக்க இடத்துல இப்படி கறை புடிக்குமாம். பைப்புக்குள்ள நைட்ரஜன் வாயுவ அழுத்தமா ஏத்தி, ஜாயிண்ட் மேல சோப்பு நுரையத் தடவுனாரு. ஒரு நிமிஷம் ஒண்ணும் தெரியல, அப்புறம் பைப்ப இறுக்கிப் புடிக்குற ஃப்ளேர் நட்டோட ஓரத்துல கடுகு சைஸ்ல ஒரு குமிழி, அது பெருசாகி உடைஞ்சு அதே இடத்துல இன்னொண்ணு. ரெண்டு வருஷமா என் காசு போன வழி அதுதான்.

பைப் முனைய வெட்டிட்டு புதுசா விரிச்சு ஃப்ளேர் பண்ணி, புது நட்டு போட்டு, மறுபடியும் நைட்ரஜன் ஏத்தி ஒரு மணி நேரம் விட்டாரு, கேஜ் முள்ளு அசையல. அப்புறம் பைப்புக்குள்ள இருக்கறத உறிஞ்சி எடுக்குற வேக்குவம் பம்ப்ப அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டுனாரு. முன்னாடி வந்த ரெண்டு பேர்கிட்டயும் பம்ப்பே இல்ல. பைப்புக்குள்ள காத்தும் ஈரமும் தங்கிட்டா கூலிங்கும் கெடும், கம்ப்ரஸருக்கும் ஆபத்து. கடைசியா சிலிண்டர தராசுல வச்சு, அவுட்டோர் ஸ்டிக்கர்ல போட்டிருந்த கிராம் கணக்குப்படி கேஸ் ஏத்துனாரு. இன்வெர்ட்டர் ஏசில கம்ப்ரஸர் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால பிரஷரும் மாறும், வெறும் கேஜப் பாத்து போட்டா கணக்கு தப்பிடும். ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ் வேற, அதனால தயவுசெஞ்சு நீங்களே ட்ரை பண்ணாதீங்க. மொத்தம் 4,500 ஆச்சு, ஒரு ரூபா கூட வீண் இல்ல.

வேலை முடிஞ்சதும் அதே மாதிரி அளந்தேன், உள்ள போற காத்து 29, வெளிய வர்ற காத்து 16. அதுக்கு முந்துன சீசன்ல ஏசி ஓடியும் புழுக்கம் தாங்காம அம்மா வெறுந்தரைல ஈரத்துண்ட விரிச்சுப் படுத்திருந்தாங்க. 2025 கத்திரில ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து "குளுருதுடா, 26-ல வை"ன்னாங்க.