எந்தப் பக்கத்தில் இருக்கிறது? முதல் ஆய்வில் இறங்கும் இளங்கலை மாணவருக்கு ஸோட்டேரோ

இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஓர் ஆய்வுக்குழுவில் சேர்ந்தபோது, சோதனைக் கருவிகளைத் தொடுவதற்கு முன்பே இருபத்துமூன்று ஆய்வுக்கட்டுரைகள் என் கைக்கு வந்தன. இதுவரை தெரிந்தவற்றை நான்கு பக்கத்தில் தொகுத்து வரும்படி வழிகாட்டி சொன்னார். மூன்று வாரம் கழித்து நான் கொண்டுபோன தொகுப்பில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து, “இந்த அளவு எந்தக் கட்டுரையில் இருக்கிறது? பக்கத்தைக் காட்டு, பார்ப்போம்” என்றார். எண்களையே பெயராகக் கொண்டு குவிந்து கிடந்த பிடிஎஃப் கோப்புகளுக்குள் அரை மணி நேரம் தேடி ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். ஆனால் அந்தக் கட்டுரை அந்த அளவை வேறொரு பழைய கட்டுரையிலிருந்து எடுத்தாண்டிருந்தது. மூலத்தை நான் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது. அன்று மாலை குழுவிலிருந்த முனைவர் பட்ட ஆய்வாளர் அக்கா ஒருவர் என் கணினியில் நிறுவித் தந்த மென்பொருள்தான் ஸோட்டேரோ; ஆய்வுக்கட்டுரைகளைச் சேர்த்துவைக்கவும் படிக்கவும் மேற்கோள் காட்டவும் உதவுவது. இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான நீட்சியாகத் தொடங்கிய ஸோட்டேரோ, இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனிச் செயலியாக இயங்கும் திறந்த மூல மென்பொருள்; பயன்படுத்தக் கட்டணம் இல்லை. கட்டுரையின் இணையப் பக்கத்தில் இருக்கும்போது உலாவியிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு ஆகியவை நூலகத்தில் பதிவாகிவிடும். பிடிஎஃப் நமக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தால் அதுவும் கூடவே வந்து சேரும். கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணோ நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணோ கையில் இருந்தால் அதை உள்ளிட்டாலே போதும்.

பலரும் இதைத் துணைநூற்பட்டியல் போட்டுத்தரும் கருவியாகவே அறிமுகப்படுத்துகிறார்கள். அந்த வேலையையும் இது நன்றாகவே செய்கிறது: வேர்ட், லிப்ரே ஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றில் மேற்கோளைச் செருகலாம், ஓர் இதழின் மேற்கோள் வடிவத்திலிருந்து இன்னோர் இதழின் வடிவத்துக்குப் பட்டியல் முழுவதையும் ஒரே தெரிவில் மாற்றலாம். ஆனால் ஆய்வைப் புதிதாகக் கற்கும் ஒருவருக்கு இதன் உண்மையான பயன் படிக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்பேன். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பைச் செயலிக்குள்ளேயே திறந்து வண்ணமிட்டுப் படிக்க முடிகிறது. ஆசிரியர்கள் தாமே அளந்து கண்டதற்கு மஞ்சள், பிறரிடமிருந்து எடுத்தாண்டதற்கு நீலம், எனக்குப் புரியாததற்குச் சிவப்பு என்று நான் வைத்துக்கொண்டேன். படித்து முடித்ததும் வண்ணமிட்ட வரிகளையெல்லாம் ஒரே குறிப்பாகத் திரட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியின் பின்னாலும் பக்க எண் நிற்கும், அங்கிருந்தே கட்டுரையின் அந்தப் பக்கத்துக்குத் தாவலாம். நீல வரியைக் கண்டால் மூலக் கட்டுரையைத் தேடி நூலகத்தில் சேர்த்த பிறகே அடுத்ததற்குப் போவது என்ற பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது.

இன்னொரு வசதியை ஒவ்வோர் ஆசிரியரும் தம் மாணவருக்குக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். 2019 முதல் ஸோட்டேரோ, பிழையோ மோசடியோ தெரியவந்து வெளியான பின் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு நம் நூலகத்தை ஒப்பிட்டு, அத்தகைய கட்டுரை இருந்தால் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. அச்சிட்ட பிரதியோ பழைய பிடிஎஃப்போ தன் கதி மாறியதை நமக்குச் சொல்லாது. அனுபவமில்லாத கண்ணுக்கு அது தானாகத் தென்படவும் செய்யாது.

குறைகளும் உண்டு. இணையப் பக்கத்தில் விவரம் தவறாக இருந்தால் தவறாகவே பதிவாகும். ஆங்கிலத் தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் வரும், ஆண்டு விடுபடும். குடும்பப்பெயர் இல்லாத ஆசிரியரின் பெயர் இரண்டாக உடைந்து நிற்கும்; பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைப் புலமாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே சேர்த்தவுடனேயே சரிபார்ப்பது கட்டாயம்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில்தான் அது கண்ணில் படும். எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைக் கணினி படிக்கும் உரையாக்குவது) செய்யப்படாத பழைய வருடல் (ஸ்கேன்) பிரதிகளில் வரியைத் தெரிவுசெய்ய இயலாது, கட்டமிட்டுப் படமாகவே எடுக்க முடியும். இணையத்தில் கோப்புகளை ஒத்திசைக்கக் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் 300 எம்பி; படங்கள் நிறைந்த கட்டுரைகள் என்றால் ஒரு பருவத்துக்குள் தீர்ந்துவிடும். நூல்விவரங்களுக்கும் குறிப்புகளுக்கும் அந்த வரம்பு கிடையாது என்பதால், கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு தனியாக நகலெடுத்து வைப்பதே மாணவருக்கு ஏற்றது.

ஆய்வுக்குழுவில் சேர்வதற்கு முன்பே இதை நிறுவி, பாடத்துக்காகப் படிக்கும் பத்துக் கட்டுரைகளில் பழகிக்கொள்வது நல்லது. குழுவில் சேர்ந்த பிறகு வழிகாட்டியிடம் கேட்டுப் பொது நூலகம் ஒன்றைத் தொடங்குங்கள். எங்கள் குழுவில் அப்படித் தொடங்கியதில் இன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர் ஒருவர், நான் சிவப்பிட்டுப் புரியவில்லை என்று விட்டுவைத்திருந்த வரிக்குக் கீழே அதன் விளக்கத்தையும், அது கிடைத்த கட்டுரையையும், பக்க எண்ணையும் எழுதி வைத்திருந்தார்.