வூர்ட்ஸ்புர்கா, ப்ரூலா? ஆயர்களின் அரண்மனைகளில் எதற்குப் போகலாம்

ஜெர்மனியில் ஒரு காலத்தில் பல ஊர்களில் கிறிஸ்தவ ஆயரேதான் (பிஷப்) ராஜாவும். வரி, படை, நீதி எல்லாம் அவர் கையில், அப்புறம் அரண்மனை மட்டும் சின்னதாகவா இருக்கும்? வூர்ட்ஸ்புர்க், ப்ரூல் ஊர்களின் அரண்மனைகள் இரண்டும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை, இரண்டிலும் பெரிய படிக்கட்டு கட்டடக் கலைஞர் பல்தாசர் நொய்மன் வடிவமைத்தது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் வூர்ட்ஸ்புர்க் போங்கள்.

காரணம் படிக்கட்டுக்கு மேலே இருக்கும் விதானம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத அந்த வளைவில் 1752-53-ல் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ நான்கு கண்டங்களை வரைந்தார். ஏற ஆரம்பித்ததும் முதலில் அமெரிக்காதான் தெரியும்; பாதியில் திரும்பி மேலே ஏறும்போதுதான் எதிரே ஐரோப்பா, அதற்கு மேல் ஆயரின் உருவப்படத்தை வானத்துக்குத் தூக்கிப் போகிறார்கள் (அடக்கம் என்பதே கிடையாது!). ஓவியத்தில் கீழே பீரங்கி மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் நொய்மனேதான். 1945 மார்ச் 16 குண்டுவீச்சில் கூரை எரிந்தும் இந்த வளைவு தாங்கியது. அரண்மனையின் கண்ணாடி அறை அப்படித் தப்பவில்லை, இப்போது இருப்பது பின்னால் திரும்பச் செய்தது, ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

ப்ரூலின் அகஸ்டஸ்புர்க் வேறு ரகம். கொலோன் பேராயர் கிளெமென்ஸ் அகஸ்ட் 1725-ல் தொடங்கியது. இங்கே படிக்கட்டில் விதானத்தைவிடச் சுற்றியிருக்கும் வண்ண வண்ணச் செயற்கைப் பளிங்குதான் கண்ணைப் பறிக்கும், எனக்குக் கொஞ்சம் திகட்டியது. பக்கத்து ஊரான பான் மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த காலத்தில் வெளிநாட்டுத் தலைவர்களை இங்கேதான் வரவேற்றார்கள். தோட்டத்தில் ப்ரூலுக்கே என் ஓட்டு, அதிலிருந்து நடந்தே ஃபால்கன்லஸ்ட் போய்விடலாம்: வல்லூறை ஏவி நாரை வேட்டையாட அதே பேராயர் கட்டிக்கொண்ட மாளிகை, பக்கத்தில் உள்ளே முழுக்கச் சிப்பி பதித்த சிற்றாலயம்.

வசதி என்று பார்த்தால் ப்ரூல்தான். கொலோனிலிருந்து கால் மணி நேர ரயில், இறங்கினால் எதிரே அரண்மனை. ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துப் போங்கள். வூர்ட்ஸ்புர்கில் நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

ப்ருக்சால் ஊர் அரண்மனை பற்றியும் கேட்பார்கள். ஷ்பையர் ஆயருடையது, 1945-ல் எரிந்து திரும்பக் கட்டியது, படிக்கட்டு அங்கேயும் நொய்மன்தான். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம், உள்ளேயே தானாக வாசிக்கும் இசைக்கருவிகளுக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.