ஒரே ஒரு ஹெட்டில் நூல் வெட்டாவிட்டால் போர்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

திருப்பூரில் 12 ஹெட் (ஒரே டிசைனை ஒரே நேரத்தில் தைக்கும் தலைப்பகுதிகள்), ஹெட்டுக்கு 9 ஊசி கொண்ட ஓர் எம்பிராய்டரி இயந்திரத்தை வைத்து ஜாப் ஒர்க் செய்துவருகிறேன். சென்ற மாதம் நான்காம் ஹெட்டில் மட்டும் மேல்நூல் வெட்டுப்படாமல் எழுத்துக்கு எழுத்து இழுபட்டு வந்தது. நூல் கடையில் கொடுத்த எண்ணை நம்பி ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். அவர் ஊசித்தட்டைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், "கட்டிங் போர்டு போயிருச்சுங்ண்ணா" என்று, நூல் வெட்டும் மோட்டாரை இயக்கும் மின்னணு அட்டையைக் குறை சொல்லி, மறுநாள் வேறொரு போர்டைப் பொருத்திவிட்டு, ரசீது இல்லாமல் 18,500 ரூபாய் வாங்கிச் சென்றார். பழைய போர்டையும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் இயந்திரத்தில் எல்லா ஹெட்டின் நூல் வெட்டும் கத்திகளையும் ஒரே மோட்டார்தான் ஒரு நீளமான தண்டின் வழியாக அசைக்கிறது. போர்டோ மோட்டாரோ பழுதாகியிருந்தால் 12 ஹெட்டிலும் வெட்டு நின்றிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நின்றால், கோளாறு அந்த ஹெட்டின் ஊசித்தட்டுக்கு அடியில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தும் அன்று எனக்கு இது உறைக்கவில்லை.

வேலை முடிந்ததாகக் காட்ட அந்த மெக்கானிக் ஓட்டியது, நடுவில் எங்கும் நூல் அறுபடாத ஒரே நிற லோகோ. துணியை ஃபிரேமிலிருந்து எடுக்கும்போது, நான்காம் ஹெட்டில் தொங்கிய நூலைத் தம் கையிலிருந்த கட்டரால் நறுக்கிவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைகள் டி-ஷர்ட்டில் பெயர் அடித்தபோது, 12 ஹெட்டிலும் எழுத்துகளுக்கு இடையே நூல் ஓடியிருந்தது. பக்கத்து யூனிட்டின் மூத்த ஆபரேட்டர் வந்து முதலில் செட்டிங்கைத் திறந்தார். இயந்திரத்துக்கு டிசைனைக் கொடுக்கும் டிஎஸ்டி கோப்பில் வெட்டுவதற்கெனத் தனிக் கட்டளை கிடையாது. அடுத்தடுத்து வரும் ஜம்ப்களை (தையல் போடாமல் நகரும் அசைவுகளை) எண்ணித்தான் இயந்திரம் வெட்டுகிறது. எத்தனை ஜம்ப் வந்தால் வெட்ட வேண்டும் என்ற செட்டிங் 3-லிருந்து 8 ஆகியிருந்தது. எங்கள் டிசைனர் எழுத்துகளுக்கு இடையே மூன்று ஜம்ப்தான் வைப்பார்; அதனால்தான் எந்த ஹெட்டிலும் வெட்டு விழவில்லை.

பிறகு அவர் மின்சாரத்தை நிறுத்தி, நான்காம் ஹெட்டின் ஊசித்தட்டைக் கழற்றினார். நிலைக்கத்திக்கும் நகரும் கத்திக்கும் இடையே பஞ்சுப் பிசிறு கம்பளித் துண்டுபோல் இறுகியிருந்தது. நகரும் கத்தியின் முனையும் மழுங்கியிருந்தது. பிரஷ்ஷால் துடைத்து, புதுக் கத்தியை மாட்டி, ஒரு நூலை இடையில் வைத்துக் கையாலேயே அசைத்து, சுத்தமாக அறுபடுகிறதா என்று பார்த்த பிறகே திருகை இறுக்கினார். கத்தியின் விலை சில நூறு ரூபாய்தான்; கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பழைய போர்டைக் கேட்டு அந்த மெக்கானிக்கை அழைத்தேன். "அதைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்ண்ணா" என்றார். அதன்பின் என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.