குட்டிக் கேக்கின் மேல் எந்தக் கிரீம்?

1:12 அளவில் பொம்மை வீட்டுத் தின்பண்டங்கள் செய்கிறவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 24 சென்டிமீட்டர் அகலமுள்ள கேக் அந்த அளவில் 2 சென்டிமீட்டர்தான். அதன் மேல் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பிழிந்த கிரீம் பூ வெறும் இரண்டரை மில்லிமீட்டர். பக்கவாட்டில் 6 மில்லிமீட்டர் கனத்தில் பூசிய ஐசிங் அரை மில்லிமீட்டராகிவிடும்.

போலிக் கிரீமுக்கு எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. சிலிகான் என்பார் ஒருவர். சுவருக்குப் பூசும் பட்டி என்பார் இன்னொருவர். சூட்டில் இறுகும் பாலிமர் களிமண்ணைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்பவர்களும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. எந்த அளவில் வேலை செய்கிறார்கள் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கைபேசி உறையின் மேல் கட்டைவிரல் பருமனுக்குக் கிரீம் பிழிகிறவருக்குப் பெரிய குறையாகத் தெரிவது, இரண்டரை மில்லிமீட்டர் பூவில் இருந்த இடம் தெரியாமல் போகும். அங்கே புகழப்படும் குணம் இங்கே உபத்திரவமாகும். இந்த அலசல் முழுக்கச் சின்ன அளவை மனத்தில் வைத்தது.

சிலிகானின் செல்வாக்கு

குளியலறை ஓரங்களை அடைக்கும் சிலிகான் சீலன்ட்டைத்தான் பலரும் முதலில் கைகாட்டுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. குழலிலிருந்து வரும்போதே அடித்த கிரீமின் பதத்தில் வருகிறது. கிரீம் பிழியும் நட்சத்திர நாசில் (பல் வெட்டிய கூம்புமுனை) வழியாகப் பிழிந்தால் வரிகள் அப்படியே நிற்கின்றன. தண்ணீர் ஆவியாகிக் காயும் பொருள் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வேதிவினையால் இறுகுகிறது. அதனால் சுருக்கம் மிகக் குறைவு, கனமாகப் பிழிந்தாலும் வெடிப்பு விழாது. இறுகிய பிறகு கீழே விழுந்தாலும் உடையாது.

இனி சின்ன கேக்குக்கு வருவோம். சிலிகானைப் பிழிந்து நாசிலை உயர்த்தும்போது நூல் இழுக்கும். 3 சென்டிமீட்டர் பூவில் 2 மில்லிமீட்டர் வால் நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டரை மில்லிமீட்டர் பூவில் அதே வால் பூவின் உயரத்துக்கே நிற்கும். ஈர விரலால் தட்டி அடக்கலாம் என்றால், தட்டிய இடத்தில் வரிகள் மழுங்கிவிடும்.

அடுத்தது பளபளப்பு. அடித்த கிரீமுக்கு உள்ளது மங்கலான, மெத்தென்ற ஒளி. சிலிகானின் மினுமினுப்பு ஈர ரப்பரின் மினுமினுப்பு. சின்னப் பொருளில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி விழுந்தாலும் பாதிப் பூவை அது விழுங்கிவிடும். மேலே மங்கல் வார்னிஷ் அடித்துச் சரிசெய்யவும் முடியாது. இறுகிய சிலிகானில் வண்ணமோ வார்னிஷோ பிடிக்காது, உரிந்து வரும். நிறம் வேண்டுமென்றால் பிழிவதற்கு முன்பே கலக்க வேண்டும். அதிலும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் வண்ணம் ஒத்துப்போகாது. உலர் நிறமித் தூளோ, துளி எண்ணெய் வண்ணமோதான் சரிவரும்.

ஒரு மாற்று உண்டு. வினிகர் வாடை வீசும் வகை சிலிகானில் கார்ன்ஃப்ளார் மாவைக் கலந்தால் பளபளப்பு அடங்கும், நூல் இழுப்பதும் குறையும். மாவு தன்னோடு ஈரத்தைக் கொண்டுவருவதால் வேகமாகவும் இறுகும். கலந்த பிறகு சாவகாசமாக உட்கார்ந்து பூப்போட நேரம் கிடைக்காது என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. அந்த வாடை அசெட்டிக் அமிலத்துடையது. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். செம்பு, பித்தளைக் குட்டித் தட்டுகளின் மேல் நேராகப் பிழியாதீர்கள், கறுத்துப்போகும்.

1:6 அளவுப் பொம்மைகளுக்கு மாவு கலந்த சிலிகான் தாராளமாகப் போதும். 1:12 வேலைக்கு அதை நான் எடுப்பதில்லை.

கடையில் அதே அலமாரியில், ஏறக்குறைய அதே குழலில் அக்ரிலிக் சீலன்ட்டும் இருக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். இது தண்ணீர் கலந்த சரக்கு. அக்ரிலிக் வண்ணத்தை ஏற்கும், கையில் ஒட்டினால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம். காயும்போது சுருங்கி, வரிகளின் கூர்மை போய்விடுகிறது. காய்ந்த பிறகும் லேசான ரப்பர் பிசுபிசுப்பு நிற்பதால் தூசி சேரும். வழித்துப் பூசுவதற்குப் பரவாயில்லை, பூவுக்கு வேண்டாம்.

திரவமும் கட்டியும் சேரும்போது

என் ஓட்டு பாலிமர் களிமண் கலவைக்கு. வெள்ளைப் பாலிமர் களிமண்ணை நெயில் கட்டரின் நுனியளவுத் துணுக்குகளாக நறுக்கி, கண்ணாடித் துண்டின் மேல் போட்டு, திரவப் பாலிமர் களிமண்ணைத் துளித்துளியாக விட்டு, வளையும் தகட்டுக் கத்தியால் அழுத்தி மசிக்க வேண்டும். முதல் சில நிமிடங்களுக்கு இது ஒன்றுசேரவே சேராது என்றுதான் தோன்றும். துணுக்குகள் திரவத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படியே மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தால் களிமண் திரவத்தைக் குடித்து இளகியிருக்கும்; பிறகு மசிப்பது எளிது. பொறுமை இல்லாமல் திரவத்தை மேலும் ஊற்றுவதால்தான் கலவை தளர்ந்துபோகிறது.

பதம் பார்க்கப் பல்குத்தும் குச்சி போதும். கலவையில் தொட்டு உயர்த்துங்கள். எழும் முனை நுனியில் மட்டும் லேசாக வளைந்து நின்றால் பிழியலாம். முனை தானாகவே கரைந்து மட்டமானால் அது வழியவிடும் ஐசிங்குக்கான பதம். முனை முறிந்து நின்றால் இன்னும் ஒரு துளி திரவம் கேட்கிறது. ஒரே கலவையை மூன்று பதத்தில் வைத்துக்கொள்ள முடிவது இதன் முதல் பலம்.

இரண்டாவது பலம் அவகாசம். அடுப்பில், அதாவது ஓவனில், வைக்கும்வரை இது இறுகாது. பூ கோணலாக வந்தால் வழித்தெடுத்துவிட்டு மறுபடி பிழியலாம். குட்டி கேக்கின் விளிம்பைச் சுற்றிப் பதினாறு பூ வைக்க வேண்டியிருக்கும்போது, பதினைந்தாவதில் கை நடுங்கினாலும் முதல் பூக்கள் காய்ந்துபோயிருக்காது. காற்றில் காயும் எந்தப் பொருளிலும் இந்தச் சலுகை கிடைக்காது. மூன்றாவதாக, சாக்லெட் நிறம். வெள்ளை அடிப்படையுள்ள மற்றப் பொருள்களில் எவ்வளவு பழுப்பு வண்ணம் சேர்த்தாலும் பால் கலந்த நிறம்தான் வரும். இதில் பழுப்புக் களிமண்ணிலேயே தொடங்கலாம்.

குறைகளும் உண்டு. சூட்டில் இறுகுவதற்கு முன் கலவை ஒரு கணம் இளகும். கூர்முனைகள் சற்றுப் படியும். திரவத்தைக் குறைத்துக் கலந்தால் இது பெரும்பாலும் அடங்கும். களிமண் வகையைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பொட்டலத்தில் எழுதியதைத்தான் நம்ப வேண்டும், அடுப்பின் குமிழை நம்பக் கூடாது. அடுப்புக்குள் தனியாக ஒரு வெப்பமானி வைக்காதவர்களின் வெள்ளைக் கிரீம்தான் பழுப்பேறி வெளியே வருகிறது. மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் கவிழ்த்துவைத்தால் நிறம் தப்பும். சூடு மிக அதிகமானால் இந்தக் களிமண் கருகிக் கெட்ட புகை விடும். அது பிவிசி என்பதை மறக்க வேண்டாம்.

முடிவை மாற்றக்கூடிய கேள்வி இன்னொன்று இருக்கிறது: கீழே இருக்கும் கேக் எதனால் ஆனது? களிமண், மரம், உலோகம், கண்ணாடி என்றால் கவலையில்லை. தெர்மோகோல் துண்டோ, பிளாஸ்டிக் தட்டோ, சூட்டுப் பசையால் ஒட்டிய எதுவுமோ என்றால் அடுப்பு வேலைக்கு ஆகாது. அங்கே பாலிமர் கலவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போட்டியிலேயே இல்லை.

பட்டியா, மாடலிங் பேஸ்ட்டா?

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்குப் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

பட்டி என்றதும் சிமென்ட் கலந்த தூளை வாங்கிவிடாதீர்கள். இங்கே சொல்வது டப்பாவில் தயார்நிலையில் வரும், கையில் தூக்கினால் காலி டப்பாவோ என்று நினைக்கவைக்கும் எடைகுறைந்த பட்டி. பல தயாரிப்புகளில் நுண்ணிய உள்ளீடற்ற கண்ணாடிக் குமிழ்கள் கலந்திருப்பதால் அந்த லேசு. அதே குமிழ்களால் மேற்பரப்பில் ஒரு மென்மையான நுரைத்தன்மை வருகிறது. அடித்த கிரீமின் தோற்றத்துக்கு இதைவிட நெருங்கியது இல்லை. பளபளப்பு அறவே கிடையாது. கனமாக வைத்தால் வெடிக்கும் என்று இதைக் குறை சொல்வார்கள். அரை மில்லிமீட்டர் பூச்சில் எங்கே வெடிப்பது?

இதன் மெய்யான குறை வேறு. காய்ந்த பிறகும் நகம் பட்டால் குழி விழும். தண்ணீர் பட்டால் சில வகைகள் இளகும். மங்கல் வார்னிஷ் இரண்டு முறை மெல்லப் பூசியே ஆக வேண்டும். வண்ணம் சேர்க்கச் சேர்க்கக் கலவை தளர்வதால் வெளிர் ரோஜா, வெளிர் மஞ்சளோடு நின்றுகொள்வது நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, முகக்கவசம் தேவை.

மாடலிங் பேஸ்ட் ஓவியர்களின் பொருள்: அக்ரிலிக் பசையில் சலவைக்கல் தூள். பட்டியைவிடக் கெட்டியாகக் காயும், தண்ணீருக்கு அசையாது, தானே போதிய உறுதி உள்ளது. கத்தியால் வழித்துப் பூசிய கோடுகள், கரண்டியின் பின்புறத்தால் இழுத்துவிட்ட சுழிப்புகள் இதில் அழகாக நிற்கும். பிழிந்த பூ சுமார்தான். தண்ணீர் வெளியேறும்போது வரிகள் கொஞ்சம் வற்றும். ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும், அதைக் கணக்கில் வைத்து வெளிறலாகவே கலக்க வேண்டும்.

பிழியும் வேலைக்குப் பட்டி, வழித்துப் பூசும் வேலைக்கு மாடலிங் பேஸ்ட். குழந்தைகள் எடுத்து விளையாடும் பொம்மை வீடு என்றால் இரண்டுக்கும் மாடலிங் பேஸ்ட்டே. அப்போதும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம், பார்த்தவுடன் வாயில் போடத் தோன்றும் பண்டம் இது.

கிரீம் பிழிவதற்கென்றே குழாயில் வரும் காற்றில் காயும் களிமண்ணும் விற்கிறார்கள். பெரிய பூவுக்கு வசதி, சின்ன நாசிலில் அடைத்துக்கொள்கிறது. காகிதக் களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசுகிறவர்களும் உண்டு; இழைகள் தெரியும், சுருக்கமும் அதிகம். இரண்டிலும் நேரம் செலவிடத் தேவையில்லை.

வழியும் ஐசிங்

விளிம்பிலிருந்து சொட்டி நிற்கும் சாக்லெட்டோ சர்க்கரைப் பாகோ வேறு கதை. இங்கே பளபளப்பு குற்றமல்ல, தேவை. அதனால் வரிசையும் தலைகீழாகிறது.

யுவி ரெசின் என்பது புற ஊதா ஒளியில் இறுகும் பிசின். கண்ணாடிபோல் மின்னும், அதற்கான விளக்கின் கீழ் சில நிமிடங்களில் இறுகும். சொட்டு எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே வந்தவுடன் விளக்கைக் காட்டி நிறுத்திவிடலாம்; இந்த வசதி வேறெதிலும் இல்லை. ஆனால் அடர்ந்த நிறமி ஒளியைத் தடுக்கும். கரும்பழுப்பாகக் கலந்து ஒரேயடியாகக் கனமாக விட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். மெல்லிய அடுக்குகளாக விட்டு ஒவ்வொன்றையும் இறுகவிட வேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமையைக் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் விடாது. நைட்ரைல் கையுறை கட்டாயம். வருடங்கள் போகப்போக மஞ்சளேறும் குணமும் உண்டு, எனவே வெள்ளைப் பாகுக்கு இது உகந்ததல்ல.

வெள்ளைப் பாகுக்கு வெள்ளைப் பசையில் வெள்ளை அக்ரிலிக் வண்ணம் கலந்தாலே போதும். காயும்போது வற்றி மெலியும் என்பது பசையின் பழைய குறை. பன் மேல் ஊற்றிய சர்க்கரைப் பாகும் அப்படித்தான் வற்றி விளிம்பில் மெலிகிறது என்பதால் இங்கே குறையே அழகாகிவிடுகிறது.

நாசிலும் மிச்சமும்

எந்தப் பொருளை எடுத்தாலும், கேக் கடை நாசில் 1:12 அளவுக்கு ஆகாது. மிகச் சிறிய நட்சத்திர நாசில்கூடப் பெரிது. மெல்லிய அலுமினியத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை நறுக்கி, கூரான கத்தரிக்கோலால் நான்கைந்து பற்கள் வெட்டி, குண்டூசியால் ஒவ்வொரு பல்லையும் உள்நோக்கி லேசாக அழுத்தினால் சொந்த நாசில் தயார். வரி இல்லாத மணிமணியான ஓரத்துக்கு முனை மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்ச் போதும். பாலிமர் கலவை சிரிஞ்சில் சற்றுக் கடினமாக நகரும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடேற்றினால் இறங்கும். பட்டிக்கு அகலமான வாய் கொடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் மட்டும் பிதுங்கி வந்து சரக்கு உள்ளே நின்றுவிடும். இந்தக் கருவிகள் எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

மிச்சத்தைச் சேமிப்பதிலும் பொருளுக்குப் பொருள் வேறுபாடு உண்டு. திறந்த சிலிகான் குழலின் மூக்கில் அடுத்த முறைக்குள் ஒரு ரப்பர் ஆணி உட்கார்ந்திருக்கும். அதைத் திருகிப் பிடுங்கிய பிறகுதான் வேலை தொடங்கும். பட்டியின் மேல் ஈரத்துணி போட்டு மூடினால் கொஞ்ச நாள் தாங்கும். யுவி ரெசினை வெளிச்சம் படாத குப்பியில் வைக்க வேண்டும். பாலிமர் கலவை மூடிய கண்ணாடிக் குப்பியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் போடுவதாக இருந்தால் அது பாலிஸ்டைரீன் இல்லை என்று அடியில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டப்பாவே இளகிக் கலவையோடு ஒட்டிக்கொள்ளும்.