ஓபன்சிம்: நாரியைக் கணினியில் வளைத்த நாலு வருசம்

2021 கடைசியில் கிளிநொச்சியில் ஒரு பழைய லப்டொப்பில் ஓபன்சிம்மை ஏற்றினேன். உடம்பின் என்பும் தசையும் எப்படி அசைகின்றன, எவ்வளவு விசை படுகிறது என்று கணக்கிடும் மென்பொருள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசம். காலபோக அறுவடையில் நெல் மூடை தூக்குபவர்களின் நாரியில், அதாவது கீழ்முதுகில், எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

கிறிஸ்டோபி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட நாரி மொடலைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். 5 நாரி முள்ளந்தண்டென்புகள், 238 தசைக்கட்டுகள். திரையில் ஒரு பட்டியை இழுத்தால் உருவம் குனியும். ஒவ்வொரு என்பும் தன் பங்குக்குச் சாயும். ஆனால் நெஞ்சுக்கூடு ஒரே கட்டை. என்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் இடைத்தட்டு எந்த இடத்தில் நசிகிறது என்றும் இதில் தெரியாது. அதற்கு ஃபெபயோ மாதிரி, பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வேறொரு மென்பொருள் வேண்டும். அதை ஓடவிட்டால் என் லப்டொப் வாட்டர் பம்ப் போல இரையும். விட்டுவிட்டேன்.

முதல் பாடம் 2022 பங்குனியில். நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத காலம். கிடைத்த நேரத்தில் ஓட்டிப் பார்த்தால், மூடையைக் கையில் கொடுத்ததும் நாரியின் பாரம் குறைகிறது! இரண்டு கிழமை மண்டை காய்ந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு கழித்தல் குறிதான். ஓபன்சிம்மில் வை அச்சு மேல்நோக்கியது. நான் எடையை நேர் எண்ணாகப் போட்டிருந்தேன். மூடை ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

சரியாக்கிய பிறகு நல்ல பலன். முதுகுத் தசைகள் என்பின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் பின்னால்தான் இழுக்கின்றன. மூடை 50 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால் அவை அதன் எடையைப் போல் பத்து மடங்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பு அப்படியே இடைத்தட்டில் போய் அழுத்தும். மூடையை உடம்போடு அணைத்த நிலையையும் தள்ளிப் பிடித்த நிலையையும் ஒப்பிட இதைவிட வசதியான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

தனி எண்ணை மட்டும் நம்பமாட்டேன். 60 கிலோ கொடுத்தால் மொடலின் தசைகள் போதாமல், தசை போதாத இடத்தை நிரப்ப நாம் சேர்த்துவைக்கும் உபரி விசைதான் சத்தமில்லாமல் தூக்கிவிடுகிறது. அந்த உபரி விசை எவ்வளவு என்று பதிவாகும் கோப்பைத் திறந்து பார்க்காமல் வரைபடத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். நான் காட்டி வெட்கப்பட்டேன்.

இன்னொரு குறை, தசைகளின் உழைப்பை இது ஆகக்குறைவாக வைத்தே கணக்குப் போடுவது. அதனால் வயிற்றுத் தசைகள் பெரும்பாலும் உறங்கும். பரந்தனில் மூடை ஏற்றும் அண்ணை ஒருவருக்குத் திரையைக் காட்டினேன். "வயித்தை எக்கிப் பிடிக்காம ஆர் தம்பி மூடை தூக்குறது? உவனுக்கு ஒருநாளும் நாரி பிடிச்சிருக்காது" என்றார்.

அதற்குப் பிறகு வயிற்றுத் தசைகளின் உழைப்பு இதற்குக் கீழே போகக்கூடாது என்று எல்லை ஒன்றைக் கையால் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பாரம் ஏறிக் காட்டுகிறது. எவ்வளவு எல்லை சரி என்பதில் இன்னும் அண்ணையோடு இழுபறிதான்.