கொம்பு கைப்பிடி ரிப்பேருக்கு லூஸ் சூப்பர் க்ளூ: யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

பழைய மடக்கு சவரக்கத்தி வாங்குற எல்லாருக்கும் வர்ற தலைவலிதான், பிளேடு அம்சமா இருக்கும், கொம்பு கைப்பிடிய மட்டும் பூச்சி அரிச்சு குழி குழியா வச்சிருக்கும், இல்லன்னா பிளேடையும் கைப்பிடியையும் சேர்த்து பிடிக்கிற பின் (சின்ன ஆணி) அடிச்ச இடத்துல விரிசல் விட்டிருக்கும். எபாக்ஸி (ரெண்டு பாகத்த கலந்து போடுற பசை), ஜெல் க்ளூ, லூஸ் க்ளூ மூணையும் போட்டு பாத்தாச்சு, என் ஓட்டு தண்ணியா ஓடுற லூஸ் சூப்பர் க்ளூவுக்குத்தான்.

கொம்பும் நம்ம நகம் மாதிரி கெராட்டின்தான், காஞ்சு போனா அடுக்கடுக்கா பிரியும். அந்த விரிசல் ஓரத்துல ஒரு சொட்டு வச்சா போதும், வெளிறிப்போன கோடு அப்படியே கருத்துக்கிட்டே உள்ள போறது கண்ணுக்கு தெரியும், க்ளூ தானா இழுத்துக்கும். உடனே கிளாம்ப் போட்டுடணும். ஜெல் இந்த வேலைக்கு சுத்த வேஸ்ட், மேலயே உக்காந்துக்கும்.

பூச்சிக் குழிக்கு, ஊசியால உள்ள இருக்குற குப்பைய எடுத்து அசிட்டோன் தொட்டு தொடச்சிட்டு, கைப்பிடியோட உள்பக்கத்த தேச்சு வர்ற கொம்புத்தூள அடைச்சு சொட்டு சொட்டா விடணும், ஒரே தடவைல ரொப்புனா அடியில காயாம பிசுபிசுன்னு நிக்கும். பேக்கிங் சோடா போட்டா சட்டுனு இறுகும் உண்மைதான், ஆனா கருப்பு கொம்புல வெள்ளைப் புள்ளி தெரியும். சீக்கிரம் காய வைக்கிற ஸ்ப்ரேயும் வேணாம், நுரைச்சு பபுள் வரும். காஞ்சதும் 400 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 600, 1000, 2000னு தண்ணி தொட்டு தேச்சு பாலிஷ் பண்ணா கருப்பு கொம்புல ஒட்டுன இடத்த தேடணும். வெளிச்சம் ஊடுருவுற வெளிர் கொம்புல அந்த அளவுக்கு மறையாது, அங்க தூள் போடாம வெறும் க்ளூ மட்டும் விடுங்க.

குறைன்னா, காஞ்சா மொறுமொறுன்னு ஆயிடும், வளைஞ்சு குடுக்காது. பின் ஓட்டை பக்கத்துல துண்டே உடைஞ்சு போயிருந்தா இத நம்பாதீங்க, அதுக்கு கொம்புத்தூள் கலந்த எபாக்ஸிதான். அதுக்கப்புறமும் புது பின்ன ஓங்கி அடிச்சா திரும்ப அதே இடத்துல விரியும், தட்டித் தட்டித்தான் எடுக்கணும். நெடி கண்ண எரிக்கும், ஜன்னல தொறந்து வச்சுக்கோங்க. பஞ்சு, காட்டன் துணியில பட்டா குபீர்னு சூடாகும், அதனால காட்டன் கிளவுஸ் போடவே கூடாது.

நீட்ஸ்ஃபுட் ஆயில்ல (மாட்டுக் கால்ல இருந்து எடுக்குற எண்ணெய்) ஊற வச்சாலே எல்லாம் சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க, ஆயில் வறண்ட கொம்புக்கு பளபளப்பு குடுக்கும், ஓட்டைய அடைக்காது. க்ளூ வேலை மொத்தமும் முடிச்சிட்டுதான் ஆயில், முன்னாடியே போட்டா ஒட்டாது. இன்னொண்ணு, தேய்க்கும்போது முடி கருகுற வாடை வந்தா கொம்பு, கற்பூர வாடை வந்தா அது செல்லுலாய்டுங்கிற பழைய காலத்து பிளாஸ்டிக், சூடு காட்டிடாதீங்க, குப்புனு பத்திக்கும்.

அஞ்சுக்கு நாலு. ஒண்ணு கொறைச்சது பாட்டில் மூக்கு அடைச்சிக்கிறதுக்கு, நான் வாங்குன பெரிய பாட்டில் பாதி கூட தீரல, கல்லாயிடுச்சு. சின்ன பாட்டிலா வாங்குங்க.